ஒரு கெமிஸ்ட்டோட பேப்பர் லிஸ்ட்டை தலைமடைலேர்ந்து கடைமடை வரைக்கும் படிக்கறது எப்படி

வருசா வருசம் ஏப்ரல் மே வந்துட்டா எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைன்னு எங்கயாச்சும் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிக்கப்போற பசங்க. "அண்ணே, இனார்கானிக்ல பிஎச்டி பண்ணலாம்னு இருக்கேன், இந்த சாருக்கு 140 ரிசர்ச் பேப்பர் இருக்கு, அந்த மேடத்துக்கு 38தான் இருக்கு, யார்கிட்ட போறது?" இதே கேள்விதான், நம்பர் மட்டும் மாறும். ஒவ்வொருத்தருக்கும் முக்கா மணி நேரம் பேசிப் பேசி தொண்டை கட்டிப்போச்சு, அதான் இந்த தடவை எழுதியே போட்டுடலாம்னு உக்காந்துட்டேன்.

பேப்பரை எண்ணாதீங்க. நம்ம ஊர்ல எவனாச்சும் வாய்க்கால் எத்தனைன்னு எண்ணி நிலம் வாங்குவானா? தண்ணி எங்கேர்ந்து பிரிஞ்சு வருது, நம்ம மடைக்கு வர்றப்ப எவ்ளோ மிச்சம் இருக்கு, அதானே பாப்பான். கல்லணைல காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு பிரியுதுல்ல, அதேமாதிரி ஒரு கெமிஸ்ட்டோட வேலையும் ஏதோ ஒரு எடத்துலேர்ந்து பிரிஞ்சு பிரிஞ்சுதான் ஓடும். பிரியற எடத்துல நிக்கற தலைமடை பேப்பர் எது, வெறும் ஈரம் மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கற கடைமடை பேப்பர் எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா போதும், யார்கிட்ட போறதுன்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். மெட்டலுக்கும் கார்பனுக்கும் நேரா பாண்ட் இருந்தாதான் ஆர்கனோமெட்டாலிக். நைட்ரஜன், ஆக்சிஜன், சல்ஃபர் வழியா மட்டும் லிகண்ட், அதாவது மெட்டலை சுத்தி நிக்கற மூலக்கூறு, புடிச்சிருந்தா அது சாதா கோஆர்டினேஷன் காம்ப்ளெக்ஸ். சில பேர் ரூம் வாசல்ல ஆர்கனோமெட்டாலிக்னு போட்டிருப்பாங்க, உள்ள போய் லிஸ்ட்டைப் பாத்தா முழுக்க சாலிசிலால்டிஹைடுல பண்ணின ஷிஃப் பேஸ் காப்பர், நிக்கல். தப்பெல்லாம் ஒண்ணுமில்ல, ஆனா நீங்க கத்துக்கப்போற கைவேலை ரெண்டுக்கும் வேற வேற. ஒண்ணுல ஆர்கான் அடிச்சு காத்துப்படாம வேலை செய்யணும், இன்னொண்ணுல மெத்தனால்ல போட்டு ரிஃப்ளக்ஸ் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடலாம்.

லிஸ்ட் அவரோடதுதானா

சிரிக்காதீங்க, இதுதான் முதல் வேலை. நம்ம பேருங்க இருக்கே, ஜர்னல்காரனுக்கு அது பெரிய தலைவலி. எஸ். கார்த்திகேயன்னு ஒருத்தர்னு வச்சுக்கங்க. ஒரு பேப்பர்ல கார்த்திகேயன் எஸ்னு வரும், இன்னொண்ணுல அப்பா பேரை விரிச்சு எழுதச் சொன்னதால கார்த்திகேயன் சுப்ரமணியன்னு வரும், அதை மேற்கோள் காட்றவன் கே. சுப்ரமணியன்னு போட்டுட்டுப் போயிடுவான். மனுசன் ஒருத்தர்தான், பேப்பர்ல மூணு பேர். அந்தப் பக்கம் தமிழ்நாட்டுல இருக்கற அத்தனை எஸ். கார்த்திகேயனும், மண்புழு உரம் பத்தி எழுதினவர்லேர்ந்து சிமெண்ட் ஆராய்ச்சி பண்றவர் வரைக்கும், கூகுள் ஸ்காலர்ல ஒரே ப்ரொஃபைல்ல வந்து உக்காந்துக்குவாங்க. ப்ரொஃபைலுக்கு சொந்தக்காரர் நேரமெடுத்து சுத்தம் பண்ணலன்னா அது அப்படியேதான் கெடக்கும்.

அதனால ஆர்கிட் நம்பர், அதாவது ஆராய்ச்சி பண்றவங்களுக்கான அடையாள நம்பர், இருக்கான்னு பாருங்க. 16 இலக்க நம்பர், 2012லேர்ந்து இருக்கு, ஆளுக்கு ஒண்ணு, பேர் எப்படி மாறினாலும் நம்பர் மாறாது. அதுல வர்ற லிஸ்ட்டையும் ஸ்கோபஸ்னு பேப்பர்களைத் தொகுத்து வைக்கற தளத்துல வர்றதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. டிபார்ட்மெண்ட் வெப்சைட்டை நம்பி எறங்காதீங்க, பாதி எடத்துல ஆள் ரிட்டயர் ஆகி பேரன் பொறந்ததுக்கு அப்புறமும் அசிஸ்டன்ட் ப்ரொஃபசர்னே இருக்கும்.

லிஸ்ட் கிடைச்சதும் ஒரு நீள நோட்டு வாங்குங்க, மளிகைக் கடைல கணக்கு எழுதுவாங்கல்ல அது. எக்ஸெல்ல போட்டாலும் சரி, ஆனா கையால எழுதினா மண்டைல நிக்கும்ங்கறது என் கட்சி. கட்டம் ஆறு: வருசம், மெட்டல், லிகண்ட், எதுக்காக பண்ணாங்க, கிரிஸ்டல் உண்டா, அவர் பேர் எந்த எடத்துல இருக்கு. ஒரு பேப்பருக்கு ரெண்டு நிமிசம், அப்ஸ்ட்ராக்ட் மட்டும் படிச்சா போதும். பழசுலேர்ந்து புதுசுக்கு வாங்க, தலைகீழா போகாதீங்க.

பேர் இருக்கற எடத்தைப் பத்தி. நம்ம துறைல பொதுவா வேலை செஞ்ச ஸ்டூடண்ட் முதல்ல, கைடு கடைசில, அவர் பேருக்கு மேல ஒரு நட்சத்திரம். நடுவுல எங்கயோ வெளிநாட்டுப் பேர் ஒண்ணு இருந்தா பெரும்பாலும் அவர்தான் கிரிஸ்டல் பாத்துக் கொடுத்தவர். நடுவுல மட்டுமே பேர் வர்ற பேப்பர் நாப்பது அம்பது இருந்தா, அவர் மெஷினுக்கு சொந்தக்காரரா இருக்கலாம், இல்ல நல்ல நண்பரா இருக்கலாம். நட்சத்திரம் இருக்கறதை மட்டும் தனியா எண்ணுங்க. எண்ணாதீங்கன்னு சொல்லிட்டு எண்ணச் சொல்றேன் பாருங்க. இந்த ஒரு எண்ணிக்கை மட்டும் பரவால்ல.

எச் இண்டெக்ஸ்னு ஒண்ணு எல்லாரும் கேப்பீங்க. 2005ல ஹிர்ஷ்னு ஒரு ஃபிசிக்ஸ்காரர் சொன்னது. 20னா, 20 பேப்பர் ஒவ்வொண்ணும் குறைஞ்சது 20 தடவையாச்சும் மேற்கோள் காட்டப்பட்டிருக்குன்னு அர்த்தம். நாலு ரிவ்யூ எழுதினா ஏறிடும், பெரிய கூட்டத்துல சேந்தா ஏறிடும், வயசானா தானா ஏறிடும். அவ்ளோதான் அதைப்பத்தி.

ஒரு ஆத்தை முழுசா நடந்து பாப்போம்

சும்மா சொன்னா புரியாது, ஒரு பெரிய ஆளை எடுத்துக்குவோம். ஜெஃப்ரி வில்கின்சன். இங்கிலாந்துக்காரர், பொறந்தது 1921, இறந்தது 1996. எம்எஸ்சில வில்கின்சன் கேடலிஸ்ட்னு ஒண்ணு மனப்பாடம் பண்ணிருப்பீங்க, அவரேதான்.

அவரோட லிஸ்ட்டோட அடியைப் பாத்தா உங்களுக்கு சந்தேகமே வந்துடும், வேற யாரோ வில்கின்சன் கலந்துட்டாரோன்னு. ஏன்னா அங்க ஃபெர்ரோசீனும் இல்ல ரோடியம் கேடலிஸ்ட்டும் இல்ல, ஐசோடோப்பு. போர்க்காலத்துல கனடால அணுசக்தி ப்ராஜெக்ட்ல இருந்தவர், அப்புறம் பெர்க்லில சீபோர்க் கூட்டத்துல சேந்து புதுப்புது ஐசோடோப்பா செஞ்சு தள்ளிக்கிட்டிருந்தார். 1951ல ஹார்வர்டுக்கு வந்தார். இங்கதான் மதகு தெறக்குது.

அதே 1951ல கீலி, பாசன்னு ரெண்டு பேர் நேச்சர்ல ஒரு ஆரஞ்சு கலர் தூளைப் பத்தி எழுதினாங்க. அவங்க செய்ய நெனைச்சது ஃபுல்வலீன், கிடைச்சது இரும்பு இருக்கற ஏதோ ஒண்ணு, பின்னாடி ஃபெர்ரோசீன்னு பேர் வாங்கினது அதுதான். சேர்மம் சரி, ஃபார்முலா சரி, ஆனா போட்ட ஸ்ட்ரக்சர் தப்பு. ரெண்டு வளையமும் ஆளுக்கு ஒரு கார்பனால இரும்பைத் தொட்டுக்கிட்டு நிக்கற மாதிரி வரைஞ்சுட்டாங்க. வில்கின்சனும் உட்வர்டும் அதைப் படிச்சுட்டு இப்படி இருக்காதுன்னாங்க. 1952ல வந்த அவங்க பேப்பர் ரொம்ப சின்னது. அதுல இருந்த சாட்சி மூணே மூணு. ஐஆர்ல, அதாவது பாண்ட் அதிர்றதைக் காட்டற ஸ்பெக்ட்ரத்துல, கார்பன் ஹைட்ரஜன் ஸ்ட்ரெட்ச் ஒண்ணே ஒண்ணுதான் வருது, அப்ப எல்லா கார்பனும் ஒரே மாதிரி. டைபோல் மொமெண்ட் பூஜ்யம், அப்ப ரெண்டு பக்கமும் சமம். டயாமேக்னடிக், அப்ப தனி எலக்ட்ரான் இல்ல. நடுவுல இரும்பு, மேலயும் கீழயும் வளையம், நம்ம சுவாமிமலை ஸ்தபதிகிட்ட சொன்னா உடனே வார்த்துக் கொடுத்துடுவார், அவ்ளோ ஒழுங்கான உருவம். ம்யூனிக்ல ஃபிஷர் தனியா அதே முடிவுக்கு வந்தார், 1973ல ரெண்டு பேருக்கும் சேத்து நோபல்.

இது தலைமடை பேப்பர். இதுக்கு அடையாளம் என்னன்னா, இதுக்கு அப்புறம் வர்ற தலைப்பெல்லாம் இதுலேர்ந்து தண்ணி எடுக்கும். நோட்டுல எழுதிக்கிட்டே வந்தீங்கன்னா இரும்புங்கற கட்டத்துல அடுத்தடுத்து டைட்டானியம், சிர்கோனியம், கோபால்ட்டுன்னு மாறும், லிகண்ட் கட்டத்துல அதே சைக்ளோபென்டாடையீனைல் வளையம்தான். இது வாய்க்கால், வேகமா நடந்துடலாம். ஆனா 1955ல ரீனியம்னு ஒண்ணு வரும், அங்க நில்லுங்க. ரெண்டு வளையம், கூடவே ரீனியத்துமேல நேரா ஒரு ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜனை என்எம்ஆர்ல, அதாவது ஒரு அணு எந்த மாதிரி எடத்துல உக்காந்திருக்குன்னு காட்டற ஸ்பெக்ட்ரத்துல, பாத்தாங்க, சாதாரண ஹைட்ரஜன் எதுவும் வராத மூலைல வந்து நின்னுச்சு. இன்னைக்கும் மெட்டல் ஹைட்ரைடு இருக்கான்னு பாக்கணும்னா பூஜ்யத்துக்குக் கீழ, மைனஸ்ல தேடறோம்ல, அது அந்தக் கூட்டம் போட்டுக்கொடுத்த தடம்.

அப்புறம் லண்டன் இம்பீரியல் காலேஜுக்குப் போறார். அறுபதுகள்ல நோட்டு முழுக்க ரோடியம். லிகண்ட் கட்டத்துல வளையம் போய் ட்ரைஃபினைல்பாஸ்பீன் வந்துடும். மேலோட்டமா பாக்கறவனுக்கு ஆள் சப்ஜெக்ட் மாத்திட்டார்னு தோணும். மாத்தல, ஹைட்ரஜன்தான் நூல். மெட்டல்ல ஹைட்ரஜன் உக்காரும்னு தெரிஞ்சுபோச்சு, அது உக்காந்து எழுந்து போறப்ப எதையாச்சும் கையில குடுத்துட்டுப் போகுமாங்கறதுதான் அடுத்த கேள்வி. 1965, 66ல ரோடியம் குளோரைடையும் ட்ரைஃபினைல்பாஸ்பீனையும் எத்தனால்ல போட்டு கொதிக்கவச்சு எடுத்த காம்ப்ளெக்ஸ், ரூம் டெம்பரேச்சர்ல, சாதா காத்தழுத்தத்துல ஹைட்ரஜனை ஆல்கீன்ல ஏத்துச்சு. 68 வாக்குல இன்னொரு ரோடியம் ஹைட்ரைடு, அதுல கார்பன் மோனாக்சைடையும் சேத்து ஆல்கீனை ஆல்டிஹைடா மாத்தற ஹைட்ரோஃபார்மைலேஷன்.

எலக்ட்ரானை எண்ணிப் பாருங்க, இங்கயே உக்காந்து. ஃபெர்ரோசீன்ல இரும்புக்கு 8, வளையத்துக்கு 5, இன்னொண்ணுக்கு 5, மொத்தம் 18. இந்த மாதிரி மெட்டலுக்கு 18தான் முழு கணக்கு, வயிறு நெறஞ்சுபோச்சு, அதான் காத்துல வச்சாலும் அசையாம உக்காந்திருக்கு. வில்கின்சன் கேடலிஸ்ட்ல ரோடியம் ப்ளஸ் 1க்கு 8, நாலு லிகண்ட்டுக்கும் ரெண்டு ரெண்டா 8, மொத்தம் 16. ரெண்டு எடம் காலி. அந்த காலி எடம் இருக்கறதாலதான் அது வேலை செய்யுது. எந்த பேப்பரை எடுத்தாலும் முதல்ல இதைப் பண்ணிடுங்க, 18 வந்தா ஏன் நிலையா இருக்குன்னு புரியும், 16 வந்தா எங்க வேலை நடக்கும்னு புரியும், 19 20னு வந்தா இன்னொரு தடவை எண்ணுங்க, கோபால்ட்டோசீன் 19, நிக்கலோசீன் 20னு நிஜமாவே சிலது இருக்கு, ஆனா அது ஏன்னு எழுதினவர் சொல்லிருக்கணும்.

1973ல திடீர்னு ஹெக்ஸாமெத்தில் டங்ஸ்டன்னு ஒரு பேப்பர் நிக்கும். இது எங்கேர்ந்து வந்துச்சு? இதுவும் ஹைட்ரஜன் நூல்தான். மெட்டல் மேல எத்தில் வச்சா பீட்டா எடத்து, அதாவது ரெண்டாவது கார்பன்ல இருக்கற, ஹைட்ரஜனை மெட்டல் புடுங்கிக்கிட்டு எத்திலீனை தள்ளிவிட்டுடும். மெத்தில்ல புடுங்கறதுக்கு பீட்டா ஹைட்ரஜனே கெடையாது. அப்ப ஆறு மெத்திலைக் கூட சுத்தி நிறுத்தலாம்ல? நிறுத்தினாங்க. மெட்டல் கார்பன் பாண்ட் பலவீனம்னு அதுவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. பாண்ட் பலவீனமில்ல, ஓடிப்போக வழி இருந்துச்சு, வழியை அடைச்சா நிக்கும், அவ்ளோதான்.

இப்ப சொல்லுங்க, இதை எண்ணிக்கைல எப்படி பாப்பீங்க? ஆத்துத் தண்ணி அவரோட நிக்கவும் இல்ல. அமெரிக்கால நோல்ஸ்னு ஒரு கம்பெனி கெமிஸ்ட் அந்த ரோடியம் ஐடியால சாதா பாஸ்பீனுக்கு பதிலா கைரல் பாஸ்பீன் போட்டு பார்க்கின்சன் நோய்க்குத் தர்ற எல் டோபா மருந்து வரைக்கும் கொண்டுபோனார், 2001ல அவருக்கும் நோபல்ல பங்கு.

நம்ம பக்கத்து லிஸ்ட்டை இப்ப எடுங்க

வில்கின்சன் அளவுக்கு எவரும் தேறமாட்டாங்க, தேறணும்னும் இல்ல. ஆனா நூல் இருக்கணும். ஏன் இந்த லிகண்ட்டை விட்டுட்டு அதுக்குப் போனார், ஏன் நிக்கல்லேர்ந்து ருத்தேனியம், இதுக்கு பேப்பருக்குள்ளயே பதில் இருந்தா நல்ல எடம். ஒரே தலைப்புல காப்பரை எடுத்துட்டு ஜிங்க், ஜிங்க்கை எடுத்துட்டு மாங்கனீசுன்னு வருசத்துக்கு ஆறு பேப்பர் வருதுன்னா அது ஜெராக்ஸ் கடை.

திருச்சி தஞ்சாவூர் பக்கம் நீங்க அதிகமா பாக்கப்போறது ருத்தேனியம் அரீன் காம்ப்ளெக்ஸ், தயோசெமிகார்பசோன், ஷிஃப் பேஸ், முடிவுல டிஎன்ஏ பைண்டிங், கேன்சர் செல்லுல எம்டிடி டெஸ்ட். இதுக்கெல்லாம் ஊத்துக்கண்ணு சிஸ்பிளாட்டின்னு பிளாட்டினம் இருக்கற கேன்சர் மருந்து. அந்த சேர்மத்தை பெய்ரோன் செஞ்சது 1840கள்ல, அது செல்லு பிரியறதைத் தடுக்கும்னு ரோசன்பர்க் கூட்டம் எழுதினது 1965ல, மருந்தா அமெரிக்கால அனுமதி வந்தது 1978ல. அதுக்கப்புறம் எல்லாரும் வேற மெட்டல்ல முயற்சி பண்றாங்க, பண்ணட்டும், நானும் பண்ணினேன். ஆனா இந்த வகை பேப்பரைப் படிக்கறப்ப ஒரே ஒரு கேள்வி கேளுங்க: காம்ப்ளெக்ஸை எதுல கரைச்சாங்க? டிஎம்எஸ்ஓல கரைச்சிருந்தா அது கரைப்பான் மட்டுமில்ல, அதுவே ஒரு லிகண்ட். குளோரைடை தள்ளிட்டு அது போய் உக்காந்துக்கும். சிஸ்பிளாட்டினையே டிஎம்எஸ்ஓல கரைச்சா வீரியம் போயிடும்னு நல்லாவே தெரிஞ்ச விஷயம். அப்ப செல்லுக்குள்ள போனது நீங்க செஞ்ச காம்ப்ளெக்ஸா வேற ஏதாச்சுமா? 24 மணி நேரம் கரைசல்ல வச்சு என்எம்ஆர்லயோ யூவிலயோ மாறலன்னு காட்டிருந்தா அந்த கைடுகிட்ட தைரியமா போங்க. காட்டலன்னா மருந்து எங்க போய் ஒட்டும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு எவ்ளோ கலர் கலரா டாக்கிங் படம் போட்டிருந்தாலும் எனக்கு அது கோலமாவு மாதிரிதான், காலைல அழகா இருக்கும் சாயங்காலம் இருக்காது.

ஜர்னல் பேரைப் பாக்கறதும் தப்பில்ல. இனார்கானிக் கெமிஸ்ட்ரி, ஆர்கனோமெட்டாலிக்ஸ், டால்டன் ட்ரான்சாக்ஷன்ஸ், ஜர்னல் ஆஃப் ஆர்கனோமெட்டாலிக் கெமிஸ்ட்ரி, பாலிஹீட்ரான், இனார்கானிக்கா கிமிக்கா ஆக்டா, இதெல்லாம் நம்ம சாதி ஜனம். டிஓஐ நம்பரோட ஆரம்பத்தை வச்சே பப்ளிஷரை சொல்லிடலாம், 10.1021னா அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி, 10.1039னா ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, 10.1016னா எல்செவியர், 10.1002னா வைலி. ஒரு வாரத்துல ரிவ்யூ முடிச்சு காசு வாங்கிக்கிட்டு போடற ஜர்னல் பேருங்க சில சமயம் அசலை விட கம்பீரமா இருக்கும், ஏமாந்துடாதீங்க. நம்பலாம்னு யுஜிசி வச்சிருந்த ஜர்னல் பட்டியலான கேர் லிஸ்ட்டையும் 2025ல எடுத்துட்டாங்க, இனிமே அவங்கவங்க கண்ணைத்தான் நம்பணும்.

ஒரே ஒரு பேப்பரையாச்சும் அடிவரைக்கும் தோண்டுங்க

லிஸ்ட்டுலேர்ந்து தலைமடைன்னு தோணறது ஒண்ணை எடுத்து, இன்ட்ரடக்ஷனை விட்டுட்டு நேரா எக்ஸ்பெரிமெண்டல் பகுதிக்குப் போங்க. கூடவே சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன் ஃபைலை எறக்குங்க, பேப்பருக்கு காசு கேட்டாலும் பெரும்பாலும் இதை சும்மாவே எறக்கலாம். வண்டி வாங்கறப்ப எஞ்சினைத் தெறந்து பாக்கறதுன்னா அது இதுதான். ஈல்டு எவ்ளோ, கலர் என்ன, எலமெண்டல் அனாலிசிஸ் கணக்குக்கும் கிடைச்சதுக்கும் 0.4க்குள்ள நிக்குதா, ஸ்பெக்ட்ரத்தை முழுசா போட்டிருக்காங்களா இல்ல நம்பரை மட்டும் எழுதிட்டு ஓடிட்டாங்களா.

என் கதை ஒண்ணு சொல்றேன். பிஎச்டி சேந்த புதுசுல ஒரு ருத்தேனியம் பாஸ்பீன் காம்ப்ளெக்ஸ் பண்ணிட்டு பாஸ்பரஸ் என்எம்ஆர் எடுத்தேன். ட்ரைஃபினைல்பாஸ்பீன் தனியா இருந்தா மைனஸ் 5 பிபிஎம் பக்கத்துல வரணும். எனக்கு மைனஸ்ல ஒண்ணுமே இல்ல, ப்ளஸ் 29ல ஈட்டி மாதிரி ஒரே ஒரு பீக். பாஸ்பீன் மெட்டல்ல உக்காந்துருச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். அன்னைக்கு சாயங்காலமே பஸ் புடிச்சு திருவையாறு போய் அரை கிலோ அசோகா வாங்கிட்டு வந்து லேப்ல எல்லாருக்கும் குடுத்தேன். எங்க சீனியர் அக்கா ஒரு வாய் போட்டுக்கிட்டே ஸ்பெக்ட்ரத்தைப் பாத்தாங்க, "தம்பி, இது பாஸ்பீன் ஆக்சைடு. உன் சால்வென்ட்ல காத்து இருந்திருக்கு"ன்னாங்க. அசோகா மட்டும் நல்லா இருந்துச்சு. அன்னைலேர்ந்து யார் பேப்பர்ல 25க்கும் 30க்கும் நடுவுல ஒத்தை பீக் பாத்தாலும் என் கண்ணு அங்கயே நிக்கும்.

கார்பனைல் இருக்கற காம்ப்ளெக்ஸ்னா ஐஆரைப் பாருங்க, பாக்கறதுக்கு இதைவிட சுலபமானது எதுவுமில்ல. தனி கார்பன் மோனாக்சைடு 2143ல வரும். மெட்டல்ல போய் உக்காந்தா மெட்டல் கொஞ்சம் எலக்ட்ரானைத் தள்ளும், பாண்ட் தளரும், நம்பர் எறங்கும். 2000 பக்கம் வந்தா ஒரு மெட்டல்ல தொங்குது, 1800 சுத்துவட்டாரத்துக்கு எறங்கிருச்சுன்னா ரெண்டு மெட்டலுக்கு நடுவுல பாலம் போட்டிருக்கலாம். எழுதினவர் படத்துல பாலம் வரைஞ்சுட்டு டேபிள்ல 1995னு போட்டிருந்தா, நோட்டுல ஒரு கேள்விக்குறி.

கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் இருக்கா, கேம்பிரிட்ஜ் டேட்டா சென்டர் நம்பர் குடுத்திருப்பாங்க, அந்த சைட்ல நம்பரைப் போட்டா சிஐஎஃப் ஃபைல் சும்மா கிடைக்கும், மெர்குரின்னு ஒரு சாஃப்ட்வேர், அதுவும் ஃப்ரீ, அதுல தெறந்து கையால சுத்திப் பாருங்க. போட்ட ஸ்ட்ரக்சருக்கும் அளந்ததுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு சொல்ற ஆர் வேல்யூ 5 சதவீதத்துக்குள்ள இருந்தா சந்தோசம், 10ஐத் தாண்டினா ஏன்னு கேக்கணும். அந்த ஃபைலை சோதிக்கற செக்சிஐஎஃப்ல ஏ அலர்ட், அதாவது பெரிய எச்சரிக்கை, வந்திருந்து அதுக்கு விளக்கமும் எழுதாம விட்டிருந்தா யோசிக்கணும்.

ஆனா கிரிஸ்டல்தான் கடைசி தீர்ப்புன்னு நெனைக்காதீங்க. 1971ல சாட் கூட்டம் ஒரு மாலிப்டினம் ஆக்சோ குளோரைடு காம்ப்ளெக்ஸ் பண்ணாங்க, ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. எக்ஸ்ரேல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி, மாலிப்டினம் ஆக்சிஜன் பாண்ட் நீளம் மட்டும் வேற. ஒரே மூலக்கூறு ரெண்டு பாண்ட் நீளத்துல இருக்க முடியுமான்னு இருபது வருசம் தியரிக்காரங்க எல்லாம் கணக்குப் போட்டு விளக்கம் குடுத்தாங்க. 1990கள் ஆரம்பத்துல பார்க்கின் கூட்டம் அதைத் தோண்டிப் பாத்தாங்க. பச்சைன்னு தனியா ஒண்ணு இல்லவே இல்ல. நீலக் காம்ப்ளெக்ஸுக்குள்ள ஆக்சிஜனுக்கு பதிலா குளோரின் இருக்கற மஞ்சள் காம்ப்ளெக்ஸ் கொஞ்சம் கலந்து ஒண்ணா கிரிஸ்டல் ஆயிருக்கு. குளோரின் தள்ளி நிக்கும், ஆக்சிஜன் கிட்ட நிக்கும், எக்ஸ்ரேக்கு ரெண்டும் ஒரே எடத்துல தெரிஞ்சு சராசரியா ஒரு நீளம் வந்திருக்கு. நீலமும் மஞ்சளும் கலந்தா பச்சைன்னு எல்கேஜில சொல்லிக்குடுத்ததுதான்.

எங்க படிக்கறது

அரசு காலேஜ்ல படிக்கறவங்களுக்கு 2025 ஜனவரி 1லேர்ந்து ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் இருக்கு, 30 பப்ளிஷர், எல்செவியர், வைலி, ஸ்ப்ரிங்கர் நேச்சர் எல்லாம் அதுல. உங்க லைப்ரரில கேளுங்க, தெரியலன்னா நீங்களே சொல்லிக்குடுங்க. அடுத்தது ஷோத்கங்கா. அந்த கைடுகிட்ட முடிச்சவங்களோட தீசிஸ் அத்தியாயம் அத்தியாயமா அதுல கிடக்கும். என்னைக் கேட்டா பேப்பரை விட தீசிஸ்தான் ஒசத்தி, ஏன்னா பேப்பர்ல ஜெயிச்சது மட்டும்தான் இருக்கும், தீசிஸ்ல இந்த ரியாக்ஷன் மூணு தடவை பண்ணியும் வரலங்கறதையும் ஒரு பாராவுல எழுதிருப்பாங்க. நன்றியுரையையும் படிங்க. கைடுக்கு ரெண்டு வரியும் பக்கத்து லேப் சாருக்கு ஒரு பக்கமும் நன்றி சொல்லிருந்தா உங்களுக்கே புரியும்.

அப்புறம் கைடுக்கு மெயில். இங்கிலீஷ்லதான் எழுதுவீங்க, எழுதுங்க, ஆனா தங்கள் ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும்ங்கற மாதிரி ஒரே மெயிலை அம்பது பேருக்கு அனுப்பாதீங்க, வாங்கறவங்களுக்கு அது வாசனைலயே தெரியும். நோட்டுல கேள்விக்குறி போட்டு வச்சிருக்கீங்கல்ல, அதுலேர்ந்து ஒண்ணே ஒண்ணு. குத்தம் சொல்ற மாதிரி இல்லாம, தெரிஞ்சுக்கற மாதிரி.

நேர்ல கூப்பிட்டா லேப்பை சுத்திப் பாருங்க. ஆர்கான் சிலிண்டர் நிக்குதா, காத்துப்படாம வேலை செய்யற ஷ்லெங்க் லைன் கண்ணாடிக் குழாய்ல தூசி படிஞ்சிருக்கா இல்ல யாராச்சும் இப்பதான் தொட்டாங்களா, டிஎச்எஃப் வடிக்கற குடுவைல சோடியம் பென்சோஃபீனோன் கத்திரிப்பூ நீலத்துல இருக்கா. அந்த நீலம் இருந்தா சால்வென்ட்ல ஈரம் இல்ல. வெளிறிப்போய் மஞ்சளா கிடந்தா, அந்த லேப்ல இப்ப யாரும் ஆர்கனோமெட்டாலிக் பண்ணலன்னு வச்சுக்கலாம், லிஸ்ட் என்ன சொன்னாலும் சரி.

போன வருசம் பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி இதையெல்லாம் ஒண்ணு விடாம செஞ்சா. நோட்டுல ஒருத்தரோட 61 பேப்பரையும் எழுதிட்டு போன் பண்ணினா, "அண்ணே, இவர் 2020 வரைக்கும் ரோடியம்தான், நடுவுல ஒண்ணரை வருசம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் பாத்தா கோபால்ட்டு, மாங்கனீசு. காரணம் எந்த பேப்பர்லயும் இல்ல." அதையே கேட்டு எழுதும்மான்னேன். எழுதினா. மூணாம் நாள் பதில் வந்துச்சு. 2021ல ரோடியம் விலை தங்கத்தை விட பத்து மடங்குக்கு மேல போயிடுச்சு, கிராண்ட்ல இருந்த காசுக்கு ஒரு சிட்டிகைதான் வரும், அதான் மலிவான மெட்டலுக்கு மாறினோம், முதல் வருசம் எதுவும் வேலை செய்யலம்மா, வெள்ளிக்கிழமை நோட்டோட வா, பேசுவோம்.

இப்ப அங்கதான் இருக்கா. ஐப்பசில ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு போன், "அண்ணே, மெக்னீசியம் போட்டு பண்ற கிரிக்னார்டு ரியாக்ஷன் கிளம்பவே மாட்டேங்குது, ரெண்டு மணி நேரமா கலக்கறேன்." கண்ணாடி சாமானெல்லாம் ஓவன்ல போட்டு காயவச்சியான்னேன். வச்சேண்ணே, ஆனா வெளில அடைமழை, ஜன்னல் கண்ணாடி உள்பக்கமே வேர்த்து வழியுதுன்னா. மெக்னீசியம் சுருளை காஞ்ச கல்வத்துல போட்டு நல்லா தேச்சுட்டு, அயோடின் ஒரு துணுக்கு போடு, பழுப்பு நிறம் மறையுதான்னு பாத்துட்டு கூப்பிடுன்னு சொல்லி வச்சேன். பத்தே முக்காலுக்கு ஒரு போட்டோ அனுப்பினா, ஈத்தர் தானா கொதிச்சுக்கிட்டிருக்கு.